தவிட்டு வாசமும் மூன்றாவது புள்ளியும்

“மாட்டுக்குப் போடுற தவிட்டுல இருந்து வட்டிலப்பத்துக்கு வாசமா? புள்ள, நீ படிச்சது கூடிப்போச்சு.”

சம்மாந்துறையில் நெல் மில் வைத்திருக்கும் ஹாஜியார் இப்படிச் சொன்னபோது மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் வாப்பாவும் சிரித்தார். அவர் அந்த மில்லில் மூடை தூக்குகிறவர். முதலாளி சிரித்தால் தானும் சிரிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறவர். அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

“நீங்க தவிட்டத் தாங்க ஹாஜியார். வாசத்த நான் கொண்டு வாறன்” என்றேன்.

“இந்த வாய்க்கே ஒரு மூட தரலாம்” என்று சொல்லி, உண்மையாகவே ஒரு மூடை தந்தார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். வாப்பாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் தெரியும். உம்மா குர்ஆனை அழகாக ஓதுவார், ஆனால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நான் விஞ்ஞானப் பட்டம் முடித்து, அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஹாஜியாருக்கு நான் சொன்னது வாய்ச்சவடால் இல்லை. தவிட்டின் நாரில் ஃபெரூலிக் அமிலம் என்று ஒரு சேர்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு காபன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையமும், அதிலிருந்து நீளும் ஒரு வாலும் கொண்டது அது. அதற்கு வாசம் கிடையாது. ஆனால் அந்த வாலில் இரண்டு காபனை நறுக்கி எடுத்துவிட்டால் அது வனிலின் ஆகிவிடும். கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் நாம் வனிலா என்று மோந்து மகிழ்வது அதைத்தான். கடைப் போத்தலில் வருகிற எசன்ஸ் பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது. எங்கள் வயலில் விளைந்து, எங்கள் மில்லில் குற்றி, மாட்டுக்கும் கோழிக்கும் போகிற தவிட்டிலிருந்து அதை எடுக்க முடியுமென்றால் ஏன் எடுக்கக்கூடாது?

நறுக்குகிற வேலையை நொதியங்கள், அதாவது என்சைம்கள், செய்யும். ஒவ்வொரு நொதியத்துக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும். மில்லில் நெல் ஊறவைக்கும் தொட்டியின் கழிவு வாய்க்காலில், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போக வேண்டிய அந்தக் கறுத்த சேற்றில், இந்த வேலை தெரிந்த ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தேன். அதனிடம் எனக்கு வேண்டிய இரண்டு நொதியங்களும் இருந்தன. எனக்கு வேண்டாத மூன்றாவது ஒன்றும் இருந்தது. பற்றீரியாவுக்கு வனிலின் நஞ்சு. அதைத் தன் பக்கத்தில் வைத்திருக்க அது விரும்பாது. மூன்றாவது நொதியத்தைக் கொண்டு அதை வனிலிக் அமிலமாக மாற்றிவிடும். அந்த அமிலத்துக்கு மறுபடியும் வாசமில்லை. ஆகவே வாசம் வரும், ஏறும், பிறகு போய்விடும். உச்சியில் நிற்கும் நேரம் பார்த்துக் காற்றை நிறுத்தி, சாடியை ஐஸில் இறக்கினால் நொதியங்கள் அடங்கிவிடும், வாசமும் தங்கும். பிந்தினால் கையில் இருப்பது மஞ்சள் தண்ணீர்தான்.

முதல் தடவை அந்த வாசத்தைப் பிடித்து நிறுத்திய நாளில், ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு என் கணவரிடம்தான் ஓடினேன். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அவரும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்முனையில் சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறார். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். போத்தலைத் திறந்து மோந்தவர், ஒரு துளியை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

“கடைச் சாமான் மாதிரி மூக்குல குத்தல்ல. மெல்ல வருது” என்றார். பிறகு, “உன்ட பூச்சி என்னைய விட நல்ல பேக்கர் புள்ள” என்றார்.

பற்றீரியாவை அவர் பூச்சி என்றுதான் சொல்வார். அன்று அவர் முகத்தில் இருந்ததை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆர் சிரித்தாலும் எனக்குப் பொருட்டில்லாமல் போனது.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளரை நாங்கள் சேர் என்போம். அவர் கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்துக்கு எழுதினார். வேலையை நேரில் பார்த்து, பிடித்திருந்தால் எனக்கு முதுமாணிப் பட்ட மேற்படிப்புக்கான இடமும் செலவும் தருவதாகச் சொன்னார்கள். தவிடு எங்கே இருக்கிறதோ அங்கேயே செய்து காட்டுவோம் என்றார் சேர். மில்லின் பின்பக்கத்து அறையைக் கழுவிச் சுத்தமாக்கி, பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றை வைத்தோம். அதற்குள் காற்று ஊதுவதற்கு மீன் தொட்டி மோட்டர் ஒன்று. கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் ஹாஜியாருக்குச் சாடியை விடச் சாப்பாட்டில்தான் கவனம் போனது. மாடு அறுத்தார். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்தைச் செய்கிற பொறுப்பு மச்சானுக்கு. ஏலக்காயும் சாதிக்காயும்தான் வட்டிலப்பத்துக்கு வழமை. ஆனால் பெரிய சமையல் என்றால் முட்டை வாடை தெரியாமலிருக்க வனிலா எசன்ஸும் ஊற்றுவார்கள். மில் முற்றத்திலேயே அடுப்புப் போட்டுத் தட்டுத் தட்டாக அவித்தார்.

காலையில் வர வேண்டியவர்கள் மகாஓயாப் பக்கம் வாகனம் பழுதாகி நின்றுவிட்டார்கள். எப்போது வந்து சேர்வார்கள் என்று தொலைபேசியில் கேட்டு, அதற்கு ஏற்றபடிதான் நான் சாடியைத் தொடக்கினேன். அவர்கள் வந்து இறங்கியபோது வாசம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டியிருந்தது. நேரே அறைக்கு வாருங்கள் என்று கூப்பிடப் போனேன். ஹாஜியார் குறுக்கே வந்து நின்றார்.

“பசியோட வந்த மனிசருக்கு வாசத்தக் காட்டுறதா? முதல்ல சோறு. உன்ட சாடி எங்கயும் ஓடாது.”

ஆண்களுக்கு முன் மண்டபத்தில் சஹன் வைத்தார்கள், சேரையும் அங்கே இருத்திவிட்டார்கள். பெண்களுக்குப் பின்னால் இருந்த வீட்டில். நான் சாடியோடு நிற்கிறேன் என்றேன். ஹாஜியாரின் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தார். சஹன் என்றால் ஆறு பேர் ஒரே தாலத்தைச் சுற்றியிருந்து சாப்பிடுவது. ஓர் ஆள் குறைந்தால் மற்றவர்கள் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். வைத்த பிறகு எல்லோரும் முடிக்கும்வரை இடையில் எழும்பவும் கூடாது. ஐந்து பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் உம்மா. வாப்பாவின் முதலாளி வீட்டில், என்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் மச்சானிடம் சொன்னேன்.

“மச்சான், வாசம் மூக்குல வடிவா ஏறினோடன மோட்டர நிப்பாட்டி, சாடிய ஐஸ் பெட்டிக்குள்ள இறக்குங்க. சுணங்கினா போயிரும்.”

“பாண எரிய விட்டவனா நான்? போ புள்ள, போய்ச் சாப்பிடு.”

சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியாது. கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது சாடி ஐஸுக்குள் இருந்தது, மச்சான் பக்கத்தில் நின்றார். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க வனிலா. ஆய்வுகூடத்தில் வருவதை விட அடர்த்தியாக இருந்தது. பெரிய சாடி அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். கொழும்பிலிருந்து வந்த குழுவின் தலைவர் ஒரு பெண். குனிந்து மோந்தார், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தார். அவருக்குப் பின்னால் ஹாஜியார் தலையை நீட்டினார்.

“அல்லாஹ்வே, மெய்தான்! புள்ள, இதுல ஸ்பிரித்து கிஸ்பிரித்து ஒண்டும் சேர்க்கல்லதானே?”

“இல்ல ஹாஜியார். தவிடும் தண்ணியும் பற்றீரியாவும்தான். வேற ஒரு துளியும் இல்ல.”

எல்லோருக்கும் முன்னால், என் வாயால், நான் அதைச் சொன்னேன். மச்சான் எனக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்மணி குனிந்து மோந்ததை மச்சான் ஃபோனில் எடுத்திருந்தார். அன்று மாலையே அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அது ஊர் முழுக்கப் போனது. அடுத்த நாள் ஐசிங்கில் ‘எங்கட விஞ்ஞானி’ என்று எழுதிய ஒரு கேக்கோடு வீட்டுக்கு வந்தார். ஹாஜியார் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வருகிறவர்களை நிறுத்தி என்னைப் பற்றிச் சொல்வதாக வாப்பா வந்து சொன்னார். மில்லில் இப்போது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். விஞ்ஞானிட வாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கொழும்பிலிருந்தும் தொலைபேசி வந்தது. இடம் உறுதி, ஆய்வு முடிவுகளை அனுப்பிவையுங்கள் என்றார்கள்.

அந்த முடிவுகளுக்காகத்தான் சாடியிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரியைத் தட்டில் ஓட விட்டேன். கண்ணாடித் தட்டொன்றில் வெள்ளைப் பொடி பூசியிருக்கும். அதன் அடியில் ஒரு துளியை வைத்து, தட்டைக் கரைப்பானில் நிறுத்தினால், துளியிலுள்ள ஒவ்வொரு சேர்வையும் தனக்குரிய உயரம் வரைக்கும் ஏறி நின்றுகொள்ளும். புற ஊதா விளக்கின் கீழ் அவை கறுத்த புள்ளிகளாகத் தெரியும். கீழே, வனிலிக் அமிலம் நிற்க வேண்டிய இடத்தில், பெரிய புள்ளி. அதற்கு மேலே வனிலினின் இடத்தில் ஒரு புள்ளி. அதையும் தாண்டி மூன்றாவதாக ஒன்று நின்றது.

முதலில் கீழே இருந்த பெரிய புள்ளியைத்தான் அளந்தேன். அது அவ்வளவு பெரிதாக இருந்தால் நொதியங்கள் உச்சியைத் தாண்டிப் போய், இருந்த வனிலினை எல்லாம் மாற்றி முடித்துவிட்டன என்று அர்த்தம். அப்படியானால் அந்த அடர்ந்த வாசம் எங்கிருந்து வந்தது? மூன்றாவது புள்ளியை எத்தில் வனிலின் என்று சந்தேகித்தேன். வனிலினுக்குத் தம்பி மாதிரியான சேர்வை, வாசம் அதைவிடக் காரம். தொழிற்சாலையில் செய்கிறார்கள். என் பற்றீரியாவால் அதைச் செய்ய முடியாது. அதைச் செய்வதற்கான நொதியம் அதனிடம் இல்லை.

தட்டையும் கரைப்பானையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, திரும்பத் திரும்ப ஓட்டினேன். பிழை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் ஓட்டினேன். மூன்றாவது புள்ளி அசையவில்லை. அன்று மில்லில் எத்தில் வனிலின் இருந்திருக்கக்கூடிய ஒரே ஒரு பொருள் வட்டிலப்பத்துக்குக் கொண்டுவந்த போத்தல்தான். அடுத்த நாள் பேக்கரியிலிருந்து அதில் சில துளிகளை எடுத்து வந்து, சாடித் துளிக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட விட்டேன். சாடித் துளியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கும் பக்கத்தில், அதே அதே உயரத்தில், எசன்ஸின் இரண்டு புள்ளிகளும் ஏறி நின்றன.

நேரே பேக்கரிக்குப் போனேன். மச்சான் மாப் பிசைந்துகொண்டிருந்தார். பாண் சுடும் போறணை சூடாகிக்கொண்டிருந்தது, வேலைக்காரர்கள் அஸர் தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

“அண்டைக்குச் சாடிக்குள்ள என்ன ஊத்தின நீங்க?”

“உன்ட பூச்சிட மூத்திரத்துக்குள்ள நான் என்னத்த ஊத்துற?” என்று சிரித்தார்.

தட்டின் படத்தை ஃபோனில் காட்டினேன்.

“என்ன இது? மா பூத்துப்போய்க் கிடக்கிற மாதிரி.”

“இந்த மேல் புள்ளிய எந்தப் பூச்சியும் செய்யாது மச்சான். உங்கட எசன்ஸ் ராக்கையில கிடக்கிற போத்தலுக்குள்ளதான் இது இரிக்கு.”

சிரிப்பு நின்றது. கையில் ஒட்டியிருந்த மாவை விரல் விரலாக உருட்டி எடுத்தார்.

“ஒரு மூடிதான் புள்ள.”

நடந்ததை அவரே சொன்னார். சாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரை ஹாஜியாரின் மகன் வந்து கூப்பிட்டிருக்கிறான். பந்தியில் ஆள் காணாது, வட்டிலப்பத்தை வெட்டித் தாங்க என்று. போய் வெட்டியிருக்கிறார். வெட்டியதைப் பரிமாறியிருக்கிறார். விருந்தாளிகள் நல்லாயிருக்கு என்று சொல்ல, நின்று கதைத்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தபோது சாடியில் வாசம் இல்லை.

“என்னக் கூப்பிட்டிருக்கலாமே?”

“சஹன்ல இருக்கிறவள எப்பிடிக் கூப்பிடுற? கூப்பிட்டு என்னத்தச் சொல்ற? கொழும்பால வந்த மனிசி குனிஞ்சு மோக்கப்போறா. ஒண்டும் இல்லாட்டி உன்ட முகத்த நான் எப்பிடித் திரும்பிப் பாக்குற?”

“நான் உண்மையச் சொல்லியிருப்பன். சுணங்கிட்டு, வாசம் போயிட்டு, ஏன் போற எண்டும் விளங்கப்படுத்தியிருப்பன். அதுவும் முடிவுதான்.”

“அத ஆர் நம்புவான்?”

“நீங்க நம்பல்லையா? மோந்து பாத்த நீங்கதானே?”

“உன்ன நம்பினன் புள்ள. வல்லாஹி நம்பினன். அந்தச் சாடியத்தான் நம்பல்ல.”

அவர் அதை ஆறுதலாகச் சொல்வதாக நினைத்தார். அந்தச் சாடி ஏதோ வேறொரு பொம்பிளை மாதிரி. அதற்குள் இருந்தது என் வேலை. சேற்றில் கை விட்டதிலிருந்து அந்த நாள் வரைக்கும் நான் படித்த எல்லாமும்தான். அதை நம்பாமல் என்னை மட்டும் எப்படி நம்புவது? ஹாஜியார் என் முகத்துக்கு முன்னால் சிரித்தார், அது எனக்கு வலிக்கவில்லை. இவர் சிரிக்காமல், எனக்காக மூடி திறந்து ஊற்றினார். ஊற்றிவிட்டுப் பக்கத்தில் நின்று ‘வேற ஒரு துளியும் இல்ல’ என்று நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேக் அடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நாளும் வீட்டில் நான் அந்த வாசத்தைப் பற்றிக் கதைக்கக் கதைக்க, தலையாட்டினார்.

வீட்டில் உம்மாவிடம் சொன்னபோது உம்மா ஆச்சரியப்படவில்லை. அதிலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அண்டைக்கே சொன்னான். பயந்துபோய்க் கிடந்தான் பாவம்.” உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். “என்னத்துக்குகா இப்பிடிக் குதிக்கிறாய்? உன்ட மானத்தக் காப்பாத்தத்தானே செஞ்சான். ஆரிட மாப்பிள பொஞ்சாதிட மானத்துக்காக இப்பிடிச் செய்யுற?”

“என்ட மானத்தையா? என்னப் பொய்காரியாக்கி வெச்சிரிக்கார் உம்மா.”

“ஆருக்குத் தெரியும்? மூணு பேருக்கு. மூணு பேரும் இந்த வீட்டுக்குள்ளதான்.”

அந்த மூன்று பேரில் என்னைத்தான் கடைசியாகச் சேர்த்திருந்தார்கள். அதுவும் நானாகக் கண்டுபிடித்ததால்.

சேரிடம் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். நீண்ட நேரம் பார்த்தார். பிழை சொல்லவில்லை, ஆர் ஊற்றியது என்றும் கேட்கவில்லை.

“திருப்பிச் செய். வனிலின் வரும் எண்டு நமக்குத் தெரியும். வந்தா அத அனுப்புவம். பொய் ஒண்டும் இல்லையே.”

“அவங்க இடம் தந்தது அண்டைக்கு மோந்ததுக்கு சேர்.”

“சொன்னா இடம் போயிரும். உனக்கு மட்டுமில்ல, இந்த லாபுக்கும் இனி வரமாட்டாங்க. யோசிச்சுச் செய்.”

யோசித்தேன். தவிட்டிலிருந்து வனிலின் வரும் என்பது உண்மை. அதை என் மூக்காலும் தட்டாலும் அறிவேன். அதனால்தான் மற்றவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரிந்தது. உண்மையான ஒன்றுக்கு ஒரு மூடி உதவி, அவ்வளவுதானே என்று. ஆனால் அந்த இடத்தில் போய்ப் படித்தால், இனி நான் கண்டுபிடிக்கப்போகும் ஒவ்வொன்றின் அடியிலும் அந்த ஒரு மூடி இருக்கும். வாப்பாவுக்கு மில்லில் கிடைத்த புதுப் பேரின் அடியிலும் அது இருக்கும். அந்தப் பேர் அவருக்குப் பொய்யாகக் கிடைத்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கசந்தது.

அன்றே கொழும்பிலிருந்து வந்த அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். நீங்கள் மோந்தது கடை எசன்ஸ், சாடியில் உருவான வனிலின் அதற்கு முன்னமே வனிலிக் அமிலமாகிவிட்டது, இதோ தட்டுகளின் படங்கள், அன்றைய முடிவை நான் வாபஸ் வாங்குகிறேன், எனக்குத் தருவதாகச் சொன்ன இடத்தையும் இதை வைத்துத் தர வேண்டாம். எசன்ஸ் எப்படிச் சாடிக்குள் வந்தது என்பதற்கு, நான் பொறுப்பாக இருந்த சாடி என்று மட்டும் எழுதினேன். சேருக்கும் ஒரு பிரதி வைத்தேன்.

அனுப்பிய பிறகுதான் மச்சானிடம் சொன்னேன்.

“என்ட பேரப் போட்டியா?” என்றார்.

“இல்ல.”

அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம். சோறு போடுகிறேன், அவர் சாப்பிடுகிறார். ஆய்வுகூடத்தில் நடப்பதை அவரிடம் கதைப்பதை விட்டுவிட்டேன். அவர் கேட்கிறார்தான். நல்லா இரிக்கு என்கிறேன்.

கொழும்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. முழுப் பற்றீரியாவை வைத்துக்கொண்டு வாசத்தின் உச்சிக்குக் காவல் நிற்பதை நிறுத்திவிட்டேன். இப்போது அதன் உயிரணுக்களை உடைத்து, எனக்கு வேண்டிய இரண்டு நொதியங்களை மட்டும் தனியாகப் பிரிக்கிறேன். வனிலினை மாற்றும் அந்த மூன்றாவதை வெளியே எடுத்துவிட்டால் வாசம் போக வழியில்லை. நேற்று உடைத்துப் பிரித்த முதல் தொகுதியை ஐஸில் வைத்திருந்தேன். இன்று காலை அதைத் தவிட்டுச் சாற்றில் சேர்த்துவிட்டு, முதல் துளியைத் தட்டில் வைத்திருக்கிறேன்.